பார்க்காததை எழுதாதிருத்தல்: மருத்துவ மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் இந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கும் மாணவர்களையும், வார்டுக்குள் புதிதாகக் காலடி வைக்கப் போகிறவர்களையும், ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இரவுப் பணி பார்க்கத் தொடங்கியிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 1986-இல் தொடங்கப்பட்ட அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியாக இருந்தாலும், நகரின் தனியார் மருத்துவக் கல்லூரியாக இருந்தாலும், நீங்கள் படுக்கையருகே சந்திக்கப் போகும் மனிதர்கள் பெரும்பாலும் ஒரே வகையினர்தான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைப்பவர், இளம்பிள்ளையில் தறி ஓட்டுபவர், ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் மரவள்ளி சுமப்பவர். உங்கள் கையெழுத்தில் இருப்பதை அவர்களால் சரிபார்க்க முடியாது. நீங்கள் எழுதியதை நம்பித்தான் அடுத்த ஷிஃப்டு மருத்துவர் மருந்து கொடுப்பார்.

நேர்மை என்றவுடன் தேர்வறையில் பிட் அடிப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் படித்தும் கற்பித்தும் வந்த என் அனுபவத்தில், கோளாறு தொடங்குகிற இடம் அதுவல்ல. அளக்காத எண்ணை எழுதுவதிலும், கேட்காத சத்தத்தைக் கேட்டதாகச் சொல்வதிலும், போகாத வகுப்புக்குக் கையெழுத்துப் போடுவதிலும் அது தொடங்குகிறது. அதனால் ஆண்டு வரிசையில், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

படி 1: விதிகளை முதல் மாதத்திலேயே படித்துவிடுங்கள்

2019-இல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படைப் பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென்று ஏட்காம் என்ற தனிப்பகுதி எல்லா ஆண்டுகளிலும் உண்டு. மாணவர்கள் அதை ஓய்வு நேரமாகக் கருதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்த வகுப்புகளுக்கு ஒழுங்காகப் போங்கள். அதோடு, இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில் நடத்தை, அறநெறி விதிமுறைகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அந்தக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிமுறைகளை அறிவித்து, அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டதால், 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. ஓர் உட்காரலில் படித்து முடித்துவிடலாம்.

வருகைப் பதிவு குறித்து நீட்டி எழுத ஒன்றுமில்லை. எழுத்து வகுப்புகளுக்கு 75 விழுக்காடும் செய்முறைக்கு 80 விழுக்காடும் வேண்டும். வராத நண்பனுக்காக ப்ராக்சி கொடுப்பதை, அதாவது அவன் வந்ததாகப் பதிவதை, உதவி என்று நினைக்காதீர்கள். நாளை அதே நண்பன், தான் பார்க்காத நோயாளியைப் பார்த்ததாக எழுதச் சொல்லும்போது மறுக்க உங்களுக்கு நா எழாது. ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச்சட்டமே இருக்கிறது. சீனியர் சொன்னார் என்பதற்காக அவருடைய ரெக்கார்டு நோட்டை எழுதிக் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர்.

படி 2: உடற்கூறியல் கூடம்

உங்கள் முதல் நோயாளி அங்கே மேசையில் படுத்திருக்கிறார் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். உயிலெழுதித் தன் உடலைத் தானம் செய்தவராகவும் அவர் இருக்கலாம், உரிமை கோர யாருமில்லாமல் போனவராகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே மரியாதைதான். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள், படம் எடுக்காதீர்கள், பட்டப்பெயர் வைக்காதீர்கள், அன்றைய அறுவை முடிந்ததும் துணியை இழுத்து மூடிவிட்டு வாருங்கள். இந்தக் கூடத்தில் பழகிய கைதான் பின்னாளில் மயக்கத்தில் கிடக்கும் ஒருவரின் போர்வையைச் சரிசெய்யும்.

படி 3: செய்முறை ஏடும் லாக்புக்கும்

பட்டம் பெற்ற பின் இரண்டு ஆண்டுகள் உடலியங்கியல் துறையில் டியூட்டராக வேலை பார்த்தேன். முதலாண்டு மாணவர்கள் தம் விரலைத் தாமே குத்திக்கொண்டு, சாலி முறையில் ஹீமோகுளோபின் அளக்கும் செய்முறை அப்போது நடக்கும். குழாயில் அமிலத்தை விட்டு, 0.02 மி.லி. ரத்தத்தை உறிஞ்சி அதில் சேர்த்து, பத்து நிமிடம் காத்திருந்து, பக்கத்திலுள்ள பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் ஏடுகளைத் திருத்தும்போது பார்த்தால், பையன்கள் எல்லோருக்கும் 14.5, பெண்கள் எல்லோருக்கும் 12.8 என்று வந்திருக்கும். பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்பது பார்த்தவுடனே தெரியும்.

ஒரு மாணவி மட்டும் மேசையருகில் தயங்கி நின்றாள். அவள் ஏட்டிலும் 12.8 என்றுதான் இருந்தது, ஆனால் குழாயை இன்னும் கழுவாமல் கையில் வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன், நீர்மட்டம் 8-ஐச் சற்றுத் தாண்டி நின்றது. “தப்பா செஞ்சுட்டேன் போலிருக்கு மேடம், அதனால மாத்தி எழுதிட்டேன்” என்றாள். மறுபடி செய்யச் சொன்னேன், அதே அளவுதான் வந்தது. ஆய்வகத்தில் அளந்தபோது 8.1 என்று உறுதியானது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குவதை விடுதிச் சாப்பாட்டின் பலவீனம் என்று அவள் மாதக்கணக்காக நினைத்திருக்கிறாள். திருத்தி எழுதிய அந்த ஒரு எண் அவளுடைய ரத்தசோகையையே அவளிடமிருந்து மறைத்துவிடப் பார்த்தது.

ஆகவே செய்முறை ஏட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை இவை. கிடைத்த எண்ணை எழுதுங்கள். எதிர்பார்த்ததற்கு அது மாறாக இருந்தால் மறுபடி அளந்து, இரண்டையும் எழுதி, எங்கே பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்று ஒரு வரி சேருங்கள். வராத நாளின் செய்முறைக்கு நேரே “வரவில்லை” என்றெழுதிவிட்டு, பின்னர் செய்துகாட்ட ஆசிரியரிடம் நேரம் கேளுங்கள். செய்த பயிற்சிகளுக்கு ஆசிரியர் கையெழுத்திடும் லாக்புக்கில் முன்தேதியிட்டுக் கையெழுத்துக் கேட்டு எந்த ஆசிரியரையும் தர்மசங்கடத்துக்கு உள்ளாக்காதீர்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் போடுகிற ஆசிரியர்தான் 12.8-ஐ உற்பத்தி செய்கிறார். நானும் முதல் ஓராண்டு அப்படித்தான் போட்டேன்.

படி 4: வார்டில் உங்களை யார் என்று சொல்லிக்கொள்ளுங்கள்

வெள்ளைக் கோட்டைப் பார்த்தவுடன் “வாங்க டாக்டர்” என்று நோயாளி எழுந்து உட்கார முயல்வார். அந்த மகிழ்ச்சியில் உண்மையைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. “அம்மா, நான் இங்க மூணாம் வருஷம் படிக்கிற பிள்ளைங்க. உங்ககிட்ட கொஞ்சம் கேட்டு, வயித்தத் தொட்டுப் பாத்துக்கலாமுங்களா? வேண்டாம்னா பரவாயில்லைங்க, உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானோர் “படிக்கிற பிள்ள, பாரு கண்ணு” என்று சம்மதிப்பார்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் படுத்திருப்பவர், மறுத்தால் கவனிக்க மாட்டார்களோ என்ற அச்சத்தில் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்கலாகாது. பெண் நோயாளியை ஆண் மாணவர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும். இதய முணுமுணுப்போ பெரிய மண்ணீரலோ உள்ள ஒருவர் கிடைத்துவிட்டால் காலையிலிருந்து பதினைந்து பேர் வரிசையாகத் தொட்டுப் பார்ப்பதுண்டு. நீங்கள் பதினாறாமவராக இருந்தால், அன்றைக்கு அவரை விட்டுவிடுங்கள்.

ரகசியம் காப்பது குறித்து இந்த ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு பஸ் ஏறுகிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை பேச்சு வார்டைப் பற்றியே இருக்கும். பெயரைச் சொல்லாவிட்டாலும், “நேற்று மருந்து குடித்துவிட்டு வந்த இருபது வயதுப் பெண், இன்ன மலைக்கிராமம்” என்ற மூன்று குறிப்புகள் போதும். சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஊருக்கு ஊர் உறவு உண்டு, முன் இருக்கையில் இருப்பவர் அவளுடைய மாமனாகவும் இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் எக்ஸ்ரே படத்தைப் பெயர் மறைக்காமல் போடுவதும் இதே தவறுதான். எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. மாறாக, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் மறைக்கக் கூடாது என்கிறது 2012-இன் போக்சோ சட்டம். அப்படி ஒன்றைக் கேட்க நேர்ந்தால் நீங்களே முடிவெடுக்காமல், அன்றே உங்கள் பிரிவின் பொறுப்பு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 5: கேஸ் ஷீட் (நோயாளியின் மருத்துவக் குறிப்பேடு)

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றே சொல்லலாம்.

வேறொரு மாவட்டத்து மருத்துவமனையில் நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஓர் இரவு, மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பாம்பு கடித்துவிட்டதாக அழைத்து வந்தார்கள். காலில் வீக்கம் தவிர வேறு அறிகுறி இல்லை. ரத்தத்தை உறையவிடாத விஷம் ஏறியிருக்கிறதா என்று அறிய, இத்தகையோருக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு மெல்லச் சாய்த்து உறைந்ததா என்று பார்க்க வேண்டும். முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அதன் பின் மணிக்கு ஒருமுறை. இரவு பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை எல்லா முறையும் ஒழுங்காகச் செய்தேன், எல்லா முறையும் உறைந்தது. இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நான் ரத்தம் எடுக்கவில்லை. இத்தனை முறை உறைந்தது இனியும் உறையும் என்று நினைத்து, மேசையில் உட்கார்ந்தபடியே இரண்டு நேரங்களுக்கும் எதிரில் “உறைந்தது” என்று எழுதினேன். நாலரை மணிக்கு அவர் ஈறிலிருந்து ரத்தம் கசியத் தொடங்கியது.

விஷமுறிவு மருந்து உடனே ஏற்றப்பட்டது. பணியிலிருந்த பி.ஜி. (முதுநிலைப் படிப்பு) மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, மூன்று மணிவரை நன்றாக இருந்த ரத்தம் இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கெட்டது என்று திகைத்தார். கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரின் மனைவி தலையை நிமிர்த்தி, “ஒரு மணிக்கு அப்புறம் ஊசி குத்த யாரும் வரலீங்களே சாமி” என்றார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். பெரியவருக்குச் சிறுநீரகம் பாதித்து, இரண்டு வாரம் டயாலிசிஸ் செய்து, பிழைத்து வீடு திரும்பினார். இரண்டு மணிக்கே பார்த்திருந்தால் அந்த இரண்டு வாரம் மிச்சமாகியிருக்குமா என்பதை என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. எழுதாமல் விட்டிருந்தால்கூட, வெற்றுக் கட்டத்தைப் பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் என்னை எழுப்பியிருப்பார். நான் எழுதிய பொய் அந்த வாய்ப்பையும் அடைத்துவிட்டது.

காலையில் யூனிட் சீஃப் (பிரிவின் தலைமை மருத்துவர்) என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கேஸ் ஷீட்டை என் முன் வைத்து, அந்த இரண்டு வரிகளையும் படிக்கும்படியாக ஒற்றைக் கோட்டால் அடித்து, கீழே “2 மணிக்கும் 3 மணிக்கும் ரத்தம் எடுக்கப்படவில்லை” என்று எழுதி, அப்போதைய தேதி, நேரம், கையெழுத்துப் போடச் சொன்னார். தவறைத் திருத்துகிற முறை இன்றும் அதுதான். அழிக்கக் கூடாது, மேலே எழுதி மறைக்கக் கூடாது, தாளைக் கிழித்து மாற்றக் கூடாது, பழைய நேரத்தைப் போடக் கூடாது. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் 2002 விதிகள் சொல்கின்றன. நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் நோயாளிக்குச் சொந்தமான சாட்சியம்.

அன்றாடத்துக்குச் சில பழக்கங்கள். மூச்சு எண்ணிக்கையை ஒரு முழு நிமிடம் எண்ணாமல் 18 என்று எழுதாதீர்கள், வார்டில் அதிகமாகப் பொய்யாக எழுதப்படும் எண் அதுவே என்பது என் கணிப்பு. ரத்த அழுத்தத்தை நேற்றைய பக்கத்திலிருந்து நகலெடுக்காதீர்கள். பார்க்காத உறுப்பு மண்டலத்துக்கு எதிரே “இயல்பு” என்று எழுதாமல் “பார்க்கப்படவில்லை” என்று எழுதுங்கள். அளவு எடுத்த நேரத்தையும் எழுதிய நேரத்தையும் வேறுபடுத்திக் காட்டுங்கள். வேலை மிகுதியால் ஒரு சோதனையைச் செய்ய முடியாமல் போனால், முடியவில்லை என்பதை அந்த நேரத்திலேயே மேலே இருப்பவருக்குத் தெரிவியுங்கள். திட்டு விழும், ஆனால் உதவிக்கு ஒருவர் வருவார்.

படி 6: தேர்வுகள்

எழுத்துத் தேர்வில் செய்யக் கூடாதவை எல்லோருக்கும் தெரியும். செய்முறைத் தேர்வில்தான் நுட்பமான சிக்கல் வருகிறது. பலமுறை தேர்வுக்கு வந்து பழகிய நோயாளி, உங்கள் மேல் இரக்கப்பட்டு, “எனக்கு வால்வு சுருங்கிப் போச்சுங்க கண்ணு, உனக்கு முன்னாடி வந்த பிள்ளையும் அதான் சொல்லுச்சு” என்று விடையைச் சொல்லிவிடுவார். கேட்டதைக் கேட்காததாக ஆக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, உங்கள் காதுக்கு எட்டியதை மட்டுமே எழுத முடியும். முணுமுணுப்பு கேட்கவில்லை என்றால், “நோய் வரலாற்றைப் பார்த்தால் மைட்ரல் வால்வுச் சுருக்கம் என்று நினைக்கிறேன், ஆனால் முணுமுணுப்பை என்னால் கேட்க முடியவில்லை” என்று சொல்லுங்கள். தேர்வாளராக நான் அமர்ந்த நாட்களில் இப்படிச் சொன்ன மாணவர்களிடம் நோயாளியை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன், பலருக்கு அப்போது கேட்டிருக்கிறது. கேட்டதாகப் பொய் சொன்னவருக்கு அந்தச் சத்தத்தை யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) “தெரியவில்லை” என்பதும் ஒரு விடையே.

படி 7: ஆய்வும் எழுத்தும்

இளநிலை மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தருகிறது, முயன்று பாருங்கள். எதைச் செய்தாலும் தகவல் திரட்டத் தொடங்கும் முன்னரே நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெறுங்கள். ஒப்புதலுக்கு முன் சேர்த்ததைப் பின்தேதிக்கு மாற்றுவது பொய்ச்சான்று. பங்கேற்பாளருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், படித்துக் காட்டும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல்களின் நிபந்தனை. மலைக்கிராமத்தில் படிவம் படிக்கும்போது “உங்களது பங்கேற்பு தன்னார்வமானது” என்று ஒப்பிக்காமல், “இஷ்டம் இருந்தா மட்டும் சேருங்க, நடுவுல வேண்டாம்னாலும் விட்டுடலாமுங்க” என்று புரிகிற தமிழில் சொல்லுங்கள்.

எழுத்துத் திருட்டு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள், பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாகக் கடுமை கூடுகிறது. பலர் இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, சொற்களை இடம் மாற்றி மென்பொருளை ஏமாற்றிவிடுகிறார்கள். பிறர் கருத்தைப் பெயர் சொல்லாமல் எடுப்பதை எந்த விழுக்காடும் நியாயப்படுத்தாது. கட்டுரையில் ஆசிரியராகப் பெயர் வர வேண்டுமானால் ஆய்வில் உண்மையாகப் பங்காற்றி, எழுதுவதிலோ திருத்துவதிலோ ஈடுபட்டு, இறுதி வடிவத்தை ஏற்று, முழுமைக்கும் பொறுப்பேற்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகவோ நண்பன் என்பதற்காகவோ பெயரைச் சேர்க்க வேண்டாம். யார் யார் பெயர் வரும் என்பதை ஆய்வு தொடங்கும் நாளிலேயே பேசி எழுதி வைத்துக்கொண்டால் கசப்பு குறையும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை மொழியைச் சீர்செய்யப் பயன்படுத்தினால் அதைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள், அவை தரும் மேற்கோள் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், இல்லாத கட்டுரையை இருப்பதாக அவை எழுதுவதுண்டு. நோயாளியின் பெயரையோ பதிவெண்ணையோ அவற்றில் உள்ளிடவே கூடாது.

படி 8: பிறர் தவறு கண்ணில் பட்டால்

நண்பன் பொய்யாக எழுதுவதைக் கண்டால் முதலில் தனியாக அவனிடமே பேசுங்கள்: “நீ பார்க்கலேன்னு எனக்குத் தெரியும், வா, இப்பவே ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்.” பெரும்பாலும் இது போதும். நோயாளிக்கு ஆபத்து இருந்தால் காத்திருக்காமல் யூனிட்டில் சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் வழிகாட்டி ஆசிரியரிடம் செல்லுங்கள். காட்டிக்கொடுப்பதாக மனம் உறுத்தும், அதை நான் அறிவேன். 2005-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் பிற்காலத்தில் மருத்துவ வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்களின் கல்லூரிக்காலப் பதிவுகளைப் பார்த்தது. தொழில் ஒழுக்கக் குறைபாடு பதிவாகியிருப்பதற்கான சாத்தியம் அவர்களிடம் மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது. மிக வலுவான தொடர்பு பொறுப்பின்மையோடும், குறையைச் சுட்டியும் திருந்தாமையோடும்தான். ஆக, இரண்டாம் ஆண்டில் ஒரு நண்பனைத் தடுத்து நிறுத்துவது அவனுக்குச் செய்யும் உதவியாகவே முடியும்.

படி 9: பயிற்சி மருத்துவராகக் கையெழுத்திடும்போது

ஹவுஸ் சர்ஜன் ஆனவுடன் உறவினர் வட்டத்தில் உங்கள் மதிப்பு உயரும், அதோடு ஒரு கோரிக்கையும் வரும். ஓமலூரிலிருந்து மாமா போன் செய்வார்: “ஆபீசுல அஞ்சு நாள் லீவு போட்டுட்டேன், காய்ச்சல்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் போட்டுக் குடு கண்ணு.” தற்காலிகப் பதிவு மட்டுமே உள்ள உங்களுக்குத் தனியாகச் சான்றிதழ் வழங்கும் தகுதி இல்லை. முழுப் பதிவு பெற்ற பின்னரும், பொய்ச் சான்றிதழில் கையெழுத்திட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க 2002 விதிகள் இடம் தருகின்றன. ஆனால் மாமாவிடம் விதியைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. “நான் பாக்காத காய்ச்சலுக்கு நான் எப்படிங்க மாமா எழுத முடியும்? உடம்புக்கு ஏதாச்சும் இருந்தா நாளைக்குக் காலைல ஓ.பி.க்கு வாங்க, நானே கூட நின்னு பெரிய டாக்டர்கிட்ட காட்டறேன்” என்று சொல்லுங்கள். ஒரு பொங்கல்வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். அடுத்த முறை உண்மையாகவே நெஞ்சு வலிக்கும்போது, அவர் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான்.